பேயை உதைக்கப் படித்த கதை

தற்காப்புக் கலை கற்க வருகிறவர்கள் முதல் நாள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பொய். உடம்பைக் குறைக்க என்று வருபவருக்கு உள்ளுக்குள் யாரையோ நாலு சாத்து சாத்த வேண்டியிருக்கும். தன்னம்பிக்கைக்கு என்று வருபவருக்கு வீட்டிலிருந்து ஒரு மணிநேரம் தப்பித்தால் போதும். நான் தற்காப்புக்கு என்று சொல்லிச் சேர்ந்தேன். என் உண்மையான நோக்கம் பேயை அடிப்பது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தரம் ஆகவேண்டும் என்றால் சில மாதம் காலை ஷிப்ட் பார்த்தே தீரவேண்டும். விடிவதற்கு முன்பே அண்ணனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறவேண்டும். அதுவரை அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. இருட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தனியாத்தான் போவணும் கோமு. பயமா கீதுன்னா வேலைய உட்டுட்டு ஊட்ல இரு. மாப்ள பாத்துகினுதான கீறோம்" என்றார் அப்பா.

அதாவது, நான் பயந்தால் அடுத்த முகூர்த்தத்தில் என்னைப் பேக் செய்து அனுப்பிவிடுவார்கள். தேறாத பொருளை அளவு பார்த்துக் கண்டுபிடித்துச் சிவப்புத் தொட்டியில் கழித்துப் போடும் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

"பயமா? எனக்கா?" என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பு எனக்கே கேவலமாகக் கேட்டது.)

ஸ்டேஷனுக்குப் போகும் வழி ரயில் ஷெட்டின் மதிலை ஒட்டிப் போகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் காலி ரயில்கள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் எல்லா விளக்கும் எரியும், மின்விசிறி சுற்றும், உள்ளே ஓர் ஆள் இருக்காது. கம்பியில் தொங்கும், பிடிக்கக் கையில்லாத வளையங்கள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஏதாவது ஒரு பெட்டி 'ஷ்ஷ்ஷ்' என்று பெருமூச்சு விடும். அது காற்றழுத்தம் வெளியேறும் சத்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் விடியுமுன் இருட்டில், மார்கழிப் பனியில், தனியாக நடக்கிறவளுக்குத் தெரிந்ததெல்லாம் உதவிக்கு வராது.

போதாததற்கு என் அண்ணன் முரளி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஊரில் உள்ள கதையெல்லாம் அவன் வண்டியில்தான் ஏறி இறங்கும்.

"காலி வண்டில லைட்டு ஏன் போட்டு வெச்சிக்கீறாங்க தெரியுமா? தண்டவாளத்துல போய்ச் சேந்தவங்கல்லாம் வந்து ஏறி உக்காந்துக்குவாங்களாம். வண்டி என்னைக்காவது ஊட்டாண்ட எறக்கி உடும்னு." சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டான்.

மறுநாளே கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே. கராத்தே, குங்ஃபூ, கிக் பாக்ஸிங், சிலம்பம், யோகா, கோடைகால நீச்சல் என்று ஒரே போர்டில் எழுதியிருந்தது. (நீச்சல்குளம் எங்கே என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.) மாஸ்டர் பெயர் ரமேஷ். நல்ல மனிதர்.

"இன்னாத்துக்குக் கத்துக்கணும்னு மொதல்ல சொல்லு. ஒடம்புக்கா, போட்டிக்கா, தற்காப்புக்கா? உனக்கு எது புடிக்கும்னு சொன்னாதான் அதுக்கேத்த மாதிரி சொல்லித் தர முடியும்."

"தற்காப்புக்கு மாஸ்டர்."

"யாராவது பின்னாடி வர்றானா?"

"தெரியல மாஸ்டர். திரும்பிப் பாக்கறதில்ல."

அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எனக்குக் கடுமையான பாடங்களாகவே கொடுத்தார். வருபவன் தொண்டையில் குத்து, கண்ணில் விரல், முட்டியால் இடிக்கக்கூடாத இடத்தில் இடி. நான் ஒவ்வொன்றையும் என் எதிரிக்குப் பொருத்திப் பார்ப்பேன். எங்கும் இடித்தது. காலை வாரிவிடு என்றார். பேய்க்குக் கால் தரையில் படாது என்கிறார்கள், எதை வாருவது? மூச்சுத் திணறும்படி வயிற்றில் குத்து என்றார். மூச்சு நின்றதால்தானே அது பேயானது? இந்தச் சந்தேகங்களை அவரிடம் கேட்கவும் முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த வகுப்பில் அடியும் உதையும் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்றே ஒன்று. கடைசியில் எதிராளி இல்லாமல், தனியாக, அடவுகளை வரிசையாகச் செய்யச் சொல்வார். நான் அதைக் கையும் காலும் காற்றில் மிதப்பதுபோல மெதுவாகச் செய்வேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்தப் பயமும் இருக்காது.

"இன்னாம்மா, கோலம் போட்டுகினு கீற? வேகம், வேகம்!" என்று மாஸ்டர் கத்துவார்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் எங்கள் மண்டையில் ஆணி அடித்து இறக்கியிருந்தார். சண்டைக்கு முன்னால் எதிராளிக்கு இடுப்பை வளைத்து வணக்கம் வைக்கவேண்டும். "வணக்கம் வெக்காம உதைச்சா அது ரவுடித்தனம். எதிராளி திருப்பி வணக்கம் வெச்சிட்டான்னா ஆட்டம் ஆரம்பம். அப்பறம் யோசிக்காத, அடி." நான் தூக்கத்தில்கூட வணக்கம் வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. பனி மதிலையே முழுங்கியிருந்தது. ஷெட்டு விளக்குகள் மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன. துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கம்பெனி கொடுத்த இரும்பு முனை ஷூவைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். மதில் முடியும் இடத்தில் ஒரு காலிமனை. எப்போதும் அங்கே நாய்கள் படுத்திருக்கும். அன்றைக்கு ஒரு நாய்கூட இல்லை.

மனைக்குள் ஏதோ அசைந்தது. நின்று பார்த்தேன்.

உருவங்கள். தலை உருண்டையாக, முகமே இல்லாமல். எல்லாம் சேர்ந்தாற்போல் கையை மேலே தூக்கின. தண்ணீருக்கு அடியில் நிற்பவர்கள் தூக்குவதுபோல அவ்வளவு மெதுவாக. எல்லாம் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் திரும்பின. ஒரு சத்தம் இல்லை. மதிலுக்குப் பின்னால் காலி ரயில் ஒன்று பெருமூச்சு விட்டது. 'இறங்கிட்டாங்க' என்று நினைத்தேன். வண்டியில் உட்கார்ந்து அலுத்துப்போய் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. அந்த உருவங்களுக்குப் பின்னால், பனிக்குள், வெள்ளையாக உயரமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது மட்டும் அசையவில்லை. அது என்னையே பார்த்தது.

புத்தி வேலை நிறுத்தம் செய்துவிட்டால் உடம்பு பழகியதைச் செய்யும். நான் இரண்டு காலையும் சேர்த்து, கையைத் தொடையில் ஒட்டி, அதற்குக் குனிந்து வணக்கம் வைத்தேன்.

அதுவும் திருப்பிக் குனிந்தது.

மெதுவாக, இடுப்பு வரை வளைந்து, மரியாதையாகக் குனிந்து நிமிர்ந்தது. என் உடம்பில் உள்ள மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஆனால் விதி விதிதான். ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். உதைக்கும்போது மாஸ்டர் சொல்லித்தந்த போர்முழக்கத்தை எழுப்பவேண்டும். எனக்கு வந்தது "அம்மாஆஆ!" சேற்றில் ஒரு கால் வழுக்கியது. இன்னொரு காலின் இரும்பு முனை எதிலோ திடமாக இறங்கியது.

"ஐயோ!" என்றது அது. மனிதக் குரல்.

கண்ணைத் திறந்தேன். என் அடியில் ஒருவர் குப்புறக் கிடந்தார். அவருடைய குரங்குக் குல்லா கழன்று சேற்றில் விழுந்திருந்தது. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் தாமோதரன் சார். என்னை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று கையெழுத்துப் போடவேண்டியவர்.

"குட் மார்னிங் சார்" என்றேன்.

"கோமதியா?" என்றார் சேற்றில் படுத்தபடியே. "இன்னாம்மா லீவு வேணும்னா கேக்கக் கூடாதா?"

மற்ற உருவங்கள் குல்லாவைக் கழற்றிக்கொண்டு சுற்றி வந்தன. முகங்கள் முளைத்தன. ரிட்டையர் ஆன சரோஜா டீச்சர், மருந்துக் கடைக்காரர், இன்னும் சிலர். இடுப்பு வலிக்காரர்கள் சேர்ந்து தினமும் தை-ச்சி செய்கிறார்களாம். மெதுவாகக் கை காலை அசைக்கும் சீனக் கலை. வழக்கமாகக் கோயில் மைதானத்தில் செய்வார்கள். மார்கழி ஒலிபெருக்கி காதைக் கிழித்ததால் அன்றுதான் இங்கே இடம் மாறியிருக்கிறார்கள்.

"பேய்னு நெனச்சுட்டேன் சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது. வேலை போனது, கல்யாணம் நிச்சயம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"என்னையா?"

"உங்கள இல்ல சார். பின்னாடி வெள்ளை டிரெஸ்ல நின்னாரே, அவர."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பனிதான் இருந்தது. கூட்டத்தில் யாரும் வெள்ளை உடுத்தியிருக்கவில்லை.

"எனக்கு வணக்கம் வெச்சாரே டீச்சர். நல்லா குனிஞ்சு."

சரோஜா டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தார். "குனிஞ்சா? இங்க கீற எல்லாருக்கும் இடுப்பு தேஞ்சு போயிருக்கு. குனிய முடிஞ்சா நாங்க ஏம்மா இந்தப் பனில வந்து நிக்கிறோம்?"

யாரும் சிரிக்கவில்லை. மதிலுக்குப் பின்னால் ரயில் இன்னொரு முறை பெருமூச்சு விட்டது. மெதுவாக அசைவதையே ஒரு தவமாகச் செய்துவந்த அந்தக் கூட்டம் அப்போது காட்டிய வேகத்தை ரமேஷ் மாஸ்டர் பார்த்திருந்தால் கறுப்பு பெல்ட்டே கொடுத்திருப்பார். சாரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து சார் கேட்டார். "உண்மைய சொல்லு. அது கராத்தே உதைதான? இன்னாத்துக்குக் கத்துக்கிற?"

முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அப்பா, கல்யாணம், காலி ரயில், எல்லாவற்றையும்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இதுக்கு எதுக்கும்மா சண்ட? கூட நாலு பேரு நடந்தா ஆச்சு. நாளைலேந்து எங்க கூட வந்துடு. கோயிலாண்டயே நின்னுக்கலாம், பாட்டு கேட்டா கேட்டுட்டுப் போவுது."

அப்படித்தான் நான் தை-ச்சி கூட்டத்தில் சேர்ந்தேன். எனக்குப் பிடித்த மெதுவும் கிடைத்தது, எனக்குத் தேவையான துணையும் கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் எல்லாரும் மதிலோரமாக என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடுவார்கள். நிரந்தர உத்தரவில் சார் கையெழுத்துப் போட்டார், உட்கார முடியாததால் நின்றுகொண்டே. கராத்தே வகுப்பிலிருந்து விடைபெறும்போது மாஸ்டரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எனக்கே பேய்னா பயம்."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் கரண்ட் போனால் முதல் வேலையாக முரளி அண்ணன் இருட்டு அறை வாசலில் நின்று, இடுப்பை வளைத்து வணக்கம் வைப்பான். மாமனாகப்பட்டவன் செய்வதைப் பார்த்து என் மகளும் இருட்டில் பாத்ரூம் போகுமுன் குனிகிறாள். "அம்மா வெள்ளையைக் குறிவெச்சு சூப்பர்வைசர உதைச்சவ" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.

இப்போதும் அதே வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்த மனையில் இன்னும் யாரும் வீடு கட்டவில்லை. பனிக்காலத்தில் அங்கே வரும்போது கூட வருகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் இடுப்பு நன்றாக இருப்பவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லாருக்காகவும் நான் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வருகிறேன். நிமிரும்போது கண்ணை மட்டும் திறப்பதில்லை.