நாரி டொக்டர் கொடுத்த நற்சாட்சி

லண்டனில் இருந்த தமிழர் அத்தனை பேரையும் தெரிந்து வைத்திருந்து, ஒருவருடைய முகத்தையும் தெரியாமல் வாழ்ந்தவர் நாரி டொக்டர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் கதவுப் பலகையில் இருந்தது. அதை ஒருவரும் வாசித்ததில்லை. மோர்டனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, மாசிக் கருவாட்டுத்தூள் வாசம் ஏறிவரும் ஓர் அறையில், ஒஸ்டியோபதி வைத்தியம் செய்தார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. எலும்பையும் மூட்டையும் தசையையும் கையாலேயே தடவி அழுத்திச் சீராக்கும் வைத்தியம். வெள்ளைக்காரர் அவரை மிஸ்டர் என்பார்கள். நாரிப்பிடிப்போடு, அதுதான் இடுப்புப் பிடிப்போடு, படியேறிய எங்கள் சனம் இறங்கும்போது டொக்டர் ஆக்கிவிட்டது.

முகம் அவருக்கு மனதில் நிற்காது. முதுகு நிற்கும். தெருவில் வணக்கம் சொன்னால் வெறுமையாகப் பார்ப்பார். "கொஞ்சம் திரும்பும்" என்பார். திரும்பியதும் அவர் முகம் மலர்ந்துவிடும். "அட, செல்வராசா! இடப்பக்கம் இப்ப எப்பிடி?" நாளடைவில் மோர்டன் தமிழர் அவரைக் கண்டதுமே தாங்களாக முதுகைக் காட்டி நிற்கப் பழகிவிட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் நாலு பேர் ஒரு பெரிய மனிதருக்கு ஒன்றாக முதுகைக் காட்டுவதைப் பார்த்த ஆங்கிலேயர், அவரை நாங்கள் ஊர்விலக்கம் செய்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்கள்.

லூயிஷாம் கோயிலில் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழும்பப் போனவரின் தோளை ஒரு கை அழுத்தியது.

"அப்பிடியே கிடவும். அசையாதையும்."

"ஐயோ, ஆரது?"

"நான்தான். மூண்டாவது எலும்பு விலகியிருக்கு. சாமி எங்கையும் போகாது, பொறும்."

தீபாராதனை முடியும்வரை அந்த மனிதர் எழும்பவில்லை. சுற்றி நின்றவர்கள் அவருடைய பக்தியை எண்ணி உருகினார்கள்.

அந்த நாளில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால், படத்தின் பின்னால் ஒரு கௌரவமான தொழில்காரர் 'இது இன்னாருடைய உண்மையான தோற்றம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். டொக்டர் இருக்கிறாரே என்று நம்பி நடேசன் போனார். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஆளை எனக்குத் தெரியாது."

"டொக்டர், நான்தான்! ரெண்டு வருஷமா உங்களிட்ட வாறன்!"

"திரும்பும். ஓ, நடேசன்! உம்மை எனக்கு நல்லாத் தெரியும். படத்தில நிக்கிறவரைத்தான் தெரியாது. முதுகைப் படமெடுத்துக் கொண்டுவாரும், இப்பவே கையெழுத்துப் போடுறன்."

இன்னொருவர் வேலைக்கு நற்சாட்சி கேட்டார். 'இவருடைய இடுப்பெலும்புகள் நம்பத்தகுந்தவை. மற்றப் பகுதிகளைப் பற்றி நான் ஒன்றும் அறியேன்' என்று எழுதிக் கொடுத்தார். வேலை கிடைத்தது. பெட்டி தூக்கும் வேலை.

நற்சாட்சிக் கடிதம் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. லண்டனில் ஒரு ஒஸ்டியோபதிக் கல்லூரியின் விண்ணப்பப் பிரிவில் நான் தலை நரைக்கும்வரை வேலை செய்தவன். கடிதம் ஒட்டிய உறையில் வரவேண்டும்; ஒட்டிய இடத்தின்மேல் எழுதியவரின் கையெழுத்து வேண்டும்; எழுதியவர் உறவினராக இருக்கக்கூடாது. எங்கள் ஆட்கள் உறையைத் திறந்தபடியே கொண்டுவந்து, "அண்ணை, பிழை இருந்தாத் திருத்திப்போட்டு நீங்களே ஒட்டுங்கோ" என்பார்கள். உள்ளே விண்ணப்பதாரியின் தகப்பன் தபாலதிபராக இருந்த பெருமையும், பாட்டனார் ஊரில் கிணறு வெட்டிக் கொடுத்த புண்ணியமும் இருக்கும். பிள்ளையைப் பற்றி, அது நல்ல பிள்ளை என்றிருக்கும். வெள்ளைக்காரர் கடிதம் வேறு ரகம். இரண்டு பக்கம் வாசித்து முடித்தாலும், புகழ்கிறாரா புதைக்கிறாரா என்பது தெரியவராது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு மேலறையில் பவளம் வாடகைக்கு இருந்தாள். முப்பது தாண்டியவள். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் மருத்துவம் படித்து, சண்டையில் அதை விட்டுவிட்டு வந்தவள். இங்கே மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டன. லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு மாலை வகுப்பில் மறுபடி படித்தாள். கடைசியாக எங்கள் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். படிப்பித்த ஆசிரியரின் கடிதம் வந்துவிட்டது. தொழில் செய்யும் ஒஸ்டியோபத் ஒருவரின் கடிதமும் வேண்டும். அவளுக்கு அப்படி யாரையும் தெரியாது. அது இல்லாவிட்டால் விண்ணப்பம் தேர்வுக் குழுவின் மேசைக்கே போகாது.

"இஞ்சருங்கோ, நீங்கள் அங்கதானே வேலை? ஒரு வழி பண்ணேலாதோ?" என்றாள் என் மனைவி பத்மா.

"ஏலாது. விதி."

"உந்த விதியைக் கரைச்சுக் குடியுங்கோ" என்றுவிட்டு, அவளே ஒரு வழி பண்ணினாள். பவளத்துக்கு நாரிப்பிடிப்பு வந்தது போல நடக்கப் பழக்கி, டொக்டரிடம் அனுப்பினாள். நோயாளியாகிவிட்டால் தெரிந்தவளாகிவிடலாம் அல்லவா?

டொக்டர் இரண்டு விரலை வைத்தார். எடுத்தார்.

"பிள்ளை, இது நோகிற நாரி இல்லை. ஆர் உமக்கு இப்பிடி நடக்கச் சொல்லித் தந்தது?"

"பத்மாக்கா."

"அவவின்ர நாரியும் எனக்குத் தெரியும். அதிலயும் பாதி நடிப்புத்தான்."

இதைப் பவளம் வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தாள். எங்கள் வீட்டில் சில நாள் சமையல் நடக்கவில்லை.

அன்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். டொக்டர் தலையை ஆட்டினார். "தெரியாத ஆளைப் பற்றி நான் எழுத மாட்டன், பிள்ளை."

"இதை விட்டா எனக்கு வேற வழி இல்லை, டொக்டர்."

"எங்க வேலை?"

இல்லத்தின் பெயரைச் சொன்னாள்.

"அங்க என்ன செய்யிறனீர்?"

"படுக்கையில கிடக்கிறவையைத் தூக்கிறது, திருப்பிறது, துடைக்கிறது."

"சரி, போம்." அவ்வளவுதான். கடிதம் இல்லை என்று அவள் அழுதபடி வந்தாள்.

அடுத்த கிழமை கல்லூரிக் கந்தோரில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த இல்லத்தின் மேட்ரன். கழுத்தில் டை கட்டிய ஆசியக் கனவான் ஒருவர் வந்து, கட்டில் கட்டிலாகப் போய், கிழவர் கிழவிகளை மிக மரியாதையாகத் திரும்பிப் படுக்கச் சொல்கிறார், கேட்டால் உங்கள் கல்லூரி விண்ணப்ப விஷயம் என்கிறார், பொலிசைக் கூப்பிடவா?

"அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்."

"அப்படியானால் அவர்தான். பயப்பட வேண்டாம்."

பின்னால் ஒரு கிழவியின் குரல் கேட்டது: "அந்த மனிதரை விடுங்கள்! என் முறை இன்னும் வரவில்லை!" சிறிது நேரத்தில் மேட்ரன் மறுபடி அழைத்தார். மேட்ரனுடைய தோள் வலிக்கு என்ன காரணம் என்று டொக்டர் சொன்னாராம். அடுத்த முறை எப்போது வருவார் என்று எனக்குத் தெரியுமா?

கடிதம் விதிப்படி ஒட்டிய உறையில், கையெழுத்தோடு வந்தது. அதை நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்தவன் நான் என்பதால் அநேகமாக மனப்பாடம்.

'எனக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது. தெருவில் கண்டால் அடையாளம் சொல்லமாட்டேன். ஆனால் இவர் நாளும் திருப்பிப் படுக்கவைக்கும் ஒன்பது பேரின் முதுகுகளை, அவர்கள் சம்மதத்தோடு பார்த்தேன். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடப்பவர்கள். ஒருவரிடமும் படுக்கைப்புண் இல்லை. ஒருவருக்கு முள்ளந்தண்டு கோணல்; அவருக்கு இவர் தலையணையை மடித்துக் கொடுக்கும் இடம், நான் கொடுக்கக்கூடிய அதே இடம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். ஒரு மூதாட்டி, இவர் கை வைத்தால் தனக்குப் பயமில்லை என்றார். பயந்த முதுகு கல்லுப்போல இருக்கும். அவருடைய முதுகு அப்படி இருக்கவில்லை.'

குழு கூடியபோது, இவள் என் வீட்டில் குடியிருப்பவள் என்று அறிவித்துவிட்டு விதிப்படி வெளியே போய் நின்றேன். நடைபாதையில் இருந்த தீயணைப்பு அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தீப்பிடித்தால் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறுவது எப்படி என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

உள்ளே நடந்ததைச் செயலாளர் அம்மையார் பிறகு சொன்னார். விண்ணப்பதாரியைத் தெரியாது என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பதால் கடிதம் செல்லாது என்று அம்மையாரே வாதிட்டாராம். வயதான முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் வாசித்தாராம். "மற்றக் கடிதங்களை எல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே. இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள், நான் பார்க்கவேண்டும்" என்றாராம்.

கூப்பிட்டார்கள். பார்த்தார்கள். இடம் கொடுத்தார்கள். பத்மா அவ்வளவு நாளும் டொக்டரோடு இருந்த கோபத்தை விட்டுவிட்டு ஒரு தட்டு நிறையப் பயித்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். பவளம் அதைக் கொண்டு படியேறினாள். நானும் கூடப் போனேன்.

"எங்க நோகுது?" என்றார் டொக்டர்.

"நோவு ஒண்டும் இல்லை, டொக்டர். நான் பவளம். இடம் கிடைச்சிட்டுது."

டொக்டர் எழுந்து வந்தார். அவளைத் திரும்பச் சொல்லவில்லை. மேசை விளக்கை இழுத்துத் திருப்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி, கண், மூக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் பண்ணுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"ஏன் டொக்டர் இப்பிடிப் பாக்கிறியள்?"

"ஞாபகம் வைக்கப் பாக்கிறன், பிள்ளை. ஏலுமோ தெரியேல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலில் விபூதி வாங்கிக்கொண்டு திரும்பிய டொக்டர், எதிரில் சிரித்தபடி நின்ற பவளத்தைக் கண்டு தயங்கி நின்றார்.

"தங்கச்சி, உங்களை எனக்குத் தெரியுமோ?"

"ஓம் டொக்டர்," என்றாள் பவளம். "நல்லாத் தெரியும்."