நைனாவின் சர்க்கரையை நான் பெருக்கிய கதை

ஒரு வீட்டில் ஒரே ஒருவன் மட்டும் படித்திருந்தால் அந்த வீட்டுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. வருகிற காகிதமெல்லாம் அவனிடம்தான் போகும். அவனும் 'எனக்குத் தெரியாது' என்று ஒருநாளும் சொல்லமாட்டான்.

எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான். மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.எஸ்ஸி. இயற்பியல், துணைப்பாடம் வேதியியல். (அதில் நாற்பத்தொன்று. பாஸ்தானே?) கரண்ட் பில், கேஸ் புத்தகம், கோர்ட்டு நோட்டீஸ், எது வந்தாலும் "ஏகாம்பரம் பையன்கிட்ட குடு, சொல்லுவான்" என்பார்கள். நானும் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரரின் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விளக்கியிருக்கிறேன். அவரும் திருப்தியாகத்தான் போனார்.

ஏகாம்பரம் என் அப்பா. எங்கள் வழக்கத்தில் நைனா. தி.நகரில் ஒரு மேட்சிங் சென்டர் வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். அளவு ஜாக்கெட் கேட்கமாட்டார், ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும். அப்பேர்ப்பட்டவர் தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அவருடைய நெடுநாள் வாடிக்கையான ஆழ்வார்பேட்டை மாமிக்கு ஒரு கை மெரூன், ஒரு கை பிரௌன் என்று தைத்துக் கொடுத்துவிட்டார்.

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. "ஏகாம்பரம், இது ரவிக்கையோட கோளாறு இல்லப்பா, உன் கண்ணோட கோளாறு. மொதல்ல போய்க் காட்டு" என்றார்.

அடையாறு பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் தெளிவாகிவிடும், ஆனால் அதற்குமுன் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பார்த்தார்கள். வெறும் வயிற்றில் இருநூற்று முப்பத்தெட்டு.

"எவ்ளோக்கு எவ்ளோடா?" என்று நைனா என் காதில் கேட்டார். நான் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்கள்தான் அதுவரை அவருக்குத் தெரியும்.

"நூத்தி நாப்பதுக்குக் கீழ கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை எழுதறேன். சாப்பாட்டுல கவனமா இருங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க, செஞ்சுடலாம்."

ஆறு வாரம் முடிந்தால் தீபாவளி சீசன் தொடங்கிவிடும். சீசன் சூடுபிடிப்பதற்குள் கண் சரியாகாவிட்டால் அந்த வாசலில் வேறு டெய்லரை உட்கார வைக்கப்போவதாக மேட்சிங் சென்டர்காரர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த இடம். பஸ்ஸில் திரும்பி வரும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். நூற்று நாற்பது. என்ன ஆனாலும் சரி.

இரண்டு கையும் ஒரே நிறத்தில் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க மாமி வீட்டுக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். மாமி உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"நேக்கும் அந்தச் சனியன் இருக்குடாப்பா. லண்டன்லேர்ந்து என் பிள்ளை அனுப்பிச்ச மிஷின். ஊசியைப் பார்த்தாலே நேக்கு மயக்கம் வந்துடும். நீ எடுத்துண்டு போ. ஆனா அதுல வர நம்பர் இருக்கே, அதை..."

"தெரியும் மாமி. எல்லாம் யூனிட் கணக்குதான்" என்று நான் இடைமறித்தேன். (இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையிலிருந்து வெட்டி எடுக்க முடியுமானால் எடுத்துவிடுவேன்.)

மாத்திரை ஆரம்பித்து இரண்டாவது வாரம். நைனாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டை அட்டையில் வைத்து, மிஷின் எண்ணி முடிக்கும்வரை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்பது புள்ளி நாலு என்று வந்தது.

"ஒம்போதா!" அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இருநூத்திச் சொச்சத்துலருந்து ஒம்போதுக்கு வந்துட்டுதா? கபாலீசுவரா!"

"இரும்மா" என்றேன், படித்தவனுக்கே உரிய பொறுமையோடு. "இது லண்டன் கணக்கு. நம்ம கணக்குக்கு மாத்தணும்."

நம் ஊர் லேபில் மில்லிகிராம் கணக்கு. அது எடை. லண்டன் மிஷினில் மில்லிமோல். அது எண்ணிக்கை மாதிரி. எண்ணிக்கையை எடையாக்குவது சுலபம். கூடையில் எத்தனை கத்திரிக்காய் என்று தெரிந்தால், ஒரு காயின் எடையால் பெருக்க வேண்டியதுதானே. இங்கே சர்க்கரையின் மூலக்கூறு எடை வேண்டும், அவ்வளவுதான். பழைய வேதியியல் நோட்டைத் தேடி எடுத்தேன். சர்க்கரைக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு. புள்ளியை உரிய இடத்துக்கு நகர்த்தினால் முப்பத்துநாலு புள்ளி இரண்டு. பெருக்கினேன்.

முந்நூற்று இருபத்தொன்று.

மாத்திரை சாப்பிட்டும் எண்பது பாயிண்ட் ஏறியிருக்கிறது!

"யோவ்" என்றாள் அம்மா. "இன்னாத்தய்யா துன்னே?"

"எம்மா சத்தியமா ஒண்ணும் துன்னலடி."

"துன்னாமதான் ஏறுதா? புள்ள கணக்குப் போட்டுக் காட்டுறான் பாரு."

நைனா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே தப்பு நைனாவிடம்தான்.

மறுநாளிலிருந்து யுத்தம். சோறு பாதியாயிற்று, பிறகு கால் ஆயிற்று. காலையில் பாகற்காய்ச் சாறு. விடியும்போது கலங்கரை விளக்கம் வரை நடை, திரும்பி வந்ததும் சந்துக்குள்ளேயே நாலு சுற்று. மாத்திரை மட்டும் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. கிராஃப் ஷீட் வாங்கி, நூற்று நாற்பதில் சிவப்புக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

அப்படியும் சந்தேகம் போகவில்லை. ஒரு மத்தியானம் தி.நகருக்குப் போய் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று நைனாவைக் கண்காணித்தேன். நாலு மணிக்கு எழுந்தார். டீக்கடைக்குப் போனார். கிளாஸை வாங்கினார். பாய்ந்துபோய் அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு வாய் குடித்தேன்.

சர்க்கரை இல்லை. நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, உன் பையனுக்குத் தனியா ஒண்ணு சொல்லக்கூடாதா? எச்ச டீயைப் புடுங்கிக் குடிக்கிறானே, படிச்ச புள்ள!"

நைனா காசைக் கொடுத்துவிட்டுத் தையல் மிஷினுக்குத் திரும்பினார். அன்று மாலை வீட்டில் அவராகவே மெதுவாகக் கேட்டார். "ஏண்டா, தூக்கத்துல எழுந்துபோய் நானே அறியாம துன்றேனோ?"

நான் அதற்குச் சிரித்திருக்க வேண்டும், அல்லது அழுதிருக்க வேண்டும். "இருக்கலாம் நைனா" என்றேன். அன்றிலிருந்து அம்மா சர்க்கரை டப்பாவைப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் மிஷினில் ஏழு. என் கணக்கில் இருநூற்று முப்பத்தொன்பது. இத்தனை பாடுபட்டும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம்! நான் விடவில்லை. நைனாவும் விடவில்லை. அவர் முகம் ஒட்டிப்போனது, கழுத்தெலும்பில் அளவு டேப்பைத் தொங்கவிடலாம் போலிருந்தது. நாலாவது வாரம் நூற்று எழுபத்தெட்டு. ஐந்தாவது வாரம் நூற்று நாற்பத்தேழு. இதற்குள் அவருக்குத் திடீர் திடீரென்று வேர்த்தது, ஊசி கோக்கும்போது கை உதறியது.

"போதும்டா, ஆளு கண்ணு குழி விழுந்து கீது" என்றாள் அம்மா.

"கொழுப்பு கரையுதும்மா, அதான் வேர்க்குது. இன்னும் ஏழே பாயிண்ட்."

ஆபரேஷன் அன்று காலை மிஷினில் மூன்று புள்ளி நாலு. நூற்று பதினாறு! நான் குதித்தேன். சந்தில் நாலு வீட்டுக்குச் சொன்னேன். நைனாவுக்கு மாத்திரையை நானே கையால் கொடுத்து (வெறும் வயிற்றில், ஆபரேஷன் ஆயிற்றே), கிராஃப் ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம். நைனா எழுந்தார். தள்ளாடிக்கொண்டே வாட்ச்மேனிடம் போய் அவர் தோளில் இல்லாத டேப்பை வைத்து அளந்தார். "முப்பத்தாறு. கை பத்து. பின்னாடி கொக்கியா, முன்னாடியா?" என்று கேட்டார். வாட்ச்மேன் பதில் சொல்வதற்குள் அவர் மேலேயே சரிந்து விழுந்தார்.

நர்ஸம்மா ஓடிவந்து விரலில் குத்தினார். "நாப்பத்தெட்டுதான் இருக்கு! குளுக்கோஸ் கொண்டா!"

"இருக்காது சிஸ்டர்" என்றேன். "காலைல நூத்தி பதினாறு. உங்க மிஷின் ரிப்பேர்."

நான் அதோடு நின்றிருக்கலாம். குளுக்கோஸ் கரைத்த டம்ளர் வந்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "குடுக்காதீங்க! சர்க்கரை ஏறிடும்! ஆறு வாரக் கஷ்டம் சிஸ்டர்!"

அம்மா என் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். கண்ணீரோடு கத்தினாள். "ஆளைப் பாருடா, பாவி! நோட்டைப் பாக்காதே, ஆளைப் பாரு!"

அப்போதுதான் பார்த்தேன். நைனாவின் உதடு வெளுத்திருந்தது. சட்டை பிழிந்தால் ஓடும் அளவுக்கு நனைந்திருந்தது. டம்ளரை விட்டேன். அவருக்கு விழுங்கக்கூட முடியவில்லை. கையில் ஊசி வழியாகத்தான் ஏற்றினார்கள்.

பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு என்று எந்த யூனிட்டிலும் சொல்லத் தெரியாது.

டாக்டரம்மா என் கிராஃப் ஷீட்டை விரித்தார். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"மூணு புள்ளி நாலை எதால பெருக்கினீங்க?"

"முப்பத்துநாலு புள்ளி ரெண்டால டாக்டர். சர்க்கரையோட மூலக்கூறு எடை."

"எந்தச் சர்க்கரை?"

"நைனா டீயில போட்டுக்குவாரே டாக்டர், அது. ரேஷன்ல வாங்கறது."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வாயில எது போனாலும், சோறோ டீயோ, உடம்பு அதை உடைச்சிடும். ரத்தத்துல ஓடறது குளுக்கோஸ். அதோட எடை நூத்தி எண்பது. நீங்க பதினெட்டால பெருக்கியிருக்கணும். இன்னிக்கு வீட்டுல அவருக்கு அறுபத்தொண்ணு இருந்திருக்கு. அதுக்கு மேல பட்டினியும் மாத்திரையும்." என் ஷீட்டில் மூன்றாவது வாரத்தின் மேல் விரலை வைத்தார். "இது நூத்தி இருபத்தாறு. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா ஆபரேஷன் முடிஞ்சிருக்கும்."

கத்திரிக்காயை எண்ணிவிட்டுப் பூசணிக்காயின் எடையால் பெருக்கியிருக்கிறேன்.

படுக்கையிலிருந்து நைனா கேட்டுக்கொண்டிருந்தார். மூலக்கூறு அவருக்குப் புரியவில்லை. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அப்ப நான் துன்னல" என்றார்.

"இல்ல நைனா."

"தூக்கத்துலகூட?"

"தூக்கத்துலகூட இல்ல நைனா."

அவர் அம்மாவைப் பார்த்தார். "சாவியை அவுருடி."

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட வைத்து, டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைக் குறைத்து, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். தீபாவளி சீசனில் நைனா அதே வாசலில் உட்கார்ந்து தைத்தார். நான் மிஷினின் முதுகில் 'பதினெட்டால் பெருக்கவும்' என்று ஒரு சீட்டு ஒட்டி மாமியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மாமி அதைப் படித்துப் பார்த்தார். "இதைத்தானேடா அன்னிக்குச் சொல்ல வந்தேன்? என் பிள்ளை ஃபோன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். நீதான் தெரியும்னுட்டே. சரி, படிச்ச பிள்ளை, தெரிஞ்சிருக்கும்னு நானும் இருந்துட்டேன்."

அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதிதான் செல்லும். "கல்யாணத்துக்கு இருநூறு பேர் வருவாங்க" என்றால், அம்மா நூறு பேருக்கு உலை வைப்பாள். எனக்கு நூற்று ரெண்டு ஜுரம் என்று நானே பார்த்துச் சொன்னால், "அம்பத்தொண்ணுதான், எழுந்து குளி" என்பாள்.

எனக்குப் பெண் பார்க்க சைதாப்பேட்டைக்குப் போனபோது, பெண்ணின் அப்பா வழக்கப்படி கேட்டார். "தம்பிக்கு இன்னா வயசு?"

"இருபத்தெட்டு" என்றேன்.

நைனா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். "எங்க பையன் சொல்றதுல பாதிதான் எடுத்துக்கணுங்க."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பதினாலா? வேணாம்பா, போலீஸ் கேஸாயிடும்!"

அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டேன். நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். "நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, அதையும் எழுதட்டுமா?" என்று கேட்டேன். பன்னிரண்டரை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எழுதுங்க" என்றாள். "ஆனா இதை மட்டும் பாதியாக்க வேணாம். ரெட்டிப்பாப் போடுங்க. அனுபவிச்ச எனக்குத் தெரியும்."