லிஃப்டில் ஏறாத அரசுத் தரப்பு

பக்கத்து வீட்டுக்காரர்கள் மீது வழக்கு நடத்திக்கொண்டே அவர்களோடு ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பகிர்ந்துகொண்ட மனிதர், திருச்சியிலேயே எங்கள் மூன்றாம் மாடிக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர். எங்கள் திருவானைக்காவல் குடியிருப்பில் அவருக்குப் பெயரே ‘அரசுத் தரப்பு’தான்.

வழக்கு இதுதான். குழாய் வறண்டுபோன ஒரு கோடையில், குடியிருப்புப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தோம். கைக்குழந்தையை வெயிலில் வைத்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நானும் உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கம் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன. போலீஸ் எல்லோர் மீதும் வழக்குப் போட்டது. என் மடியில் இருந்த மகளின் பெயர் மட்டும்தான் எஃப்.ஐ.ஆரில் இல்லை.

அந்த வழக்கு அரசுத் தரப்பிடமே போய்ச் சேர்ந்தது. வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லி எழுதிப் பார்த்தார். ஆள் இல்லை என்று பதில் வந்தது. அன்றோடு எங்களிடம் பேச்சு நின்றது. லிஃப்டில் நாங்கள் இருந்தால் ஏற மாட்டார். மூட்டு வலியோடு படியேறுவார். தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோனால், “குற்றம் சாட்டப்பட்டவங்ககிட்ட நான் எதையும் வாங்கக் கூடாது” என்று கதவிடம் சொல்வார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மஸ்கட்டில் இருக்கும் கணவரிடம் போக வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட் நின்றுவிட்டது. மகளோ அப்பா என்றால் செல்போன் என்றே நம்பத் தொடங்கியிருந்தாள்.

பிறகு, இப்படிப்பட்ட மறியல் வழக்குகளை வாபஸ் வாங்கலாம் என்று அரசு அறிவித்தது. முதல் குற்றவாளியான கீழ்வீட்டுச் செல்வி அக்கா அவரை கேட்டிலேயே மறித்தாள்.

“கவர்மெண்ட்டே வேணாம்னு சொல்லிடுச்சு சார். ஒரு கையெழுத்துதானே, போட்டுடுங்க.”

அவர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க அவங்ககிட்ட. கவர்மெண்ட் சொன்னாலும் நான் யோசிச்சு முடிவெடுக்கணும். நான் எடுத்தாலும் கோர்ட் சம்மதிக்கணும்.”

“வாட்ச்மேன், எவ்வளவு நாள் யோசிப்பாராம்? கேட்டுச் சொல்லுங்க.”

“யம்மா, ரெண்டு பேருமே தமிழ்லதானே பேசுறீங்க, என்னை விட்டுடுங்க” என்றார் வாட்ச்மேன்.

அரசுத் தரப்பு நிஜமாகவே யோசித்தார். மறியல் நடந்த இடத்தில் போய் நின்றார். டீக்கடையில் விசாரித்தார். மறியல் அன்று புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிப்போன ஆட்டோக்காரரைத் தேடுகிறார் என்று செய்தி வந்தது. அந்த ஆட்டோவுக்குக் குடங்களை நகர்த்தி வழிவிட்டோம். சீக்கிரமாக விட்டோமா? தூக்கமே போயிற்று.

கடைசியில் வாபஸ் மனுவோடு கோர்ட்டில் நின்றவரிடம் மாஜிஸ்திரேட் நேராகக் கேட்டார். “மேலிடத்துல சொன்னதால வாபஸ் வாங்குறீங்களா?”

“இல்லைங்க ஐயா. அரசாணை வந்தது. அதைத் தனியா வச்சுட்டு நானே விசாரிச்சேன். ஆஸ்பத்திரி ஆட்டோவுக்கு உடனே வழி விட்டுருக்காங்க. யாருக்கும் அடி இல்ல, பொருள் சேதம் இல்ல. இதுக்கு மேல நடத்துறதுல பொதுமக்களுக்கு ஒரு நன்மையும் இல்லைங்க.” கேஸ் கட்டை மூடினார். “அன்னைக்கு எங்க வீட்டுலயும் தண்ணி இல்லைங்க ஐயா. அதை நான் கணக்குல சேர்த்துக்கல.”

கோர்ட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் சம்மதித்து எங்களை விடுதலை செய்தார்.

அன்று சாயங்காலம் லிஃப்டில் நானும் மகளும் நின்றிருந்தோம். அரசுத் தரப்பு வந்தார். பழக்க தோஷத்தில் படிப் பக்கம் திரும்பியவர், நின்று, திரும்பி வந்து உள்ளே ஏறினார்.

எங்கள் எல்லோருடைய பெயரும், தகப்பனார் பெயரும், வயதும் அவருக்கு மனப்பாடம். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, இத்தனை காலமாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததைக் கேட்டார்.

“பாப்பா, உன் பேரு என்னம்மா?”