ஹெலன் மைதான அனுமதி வென்ற படலம்

எட்டுத் திக்கும் தோல் மணக்கும் ஆம்பூர்ப் பெருநிலமே, செவி கொடு! தையல் இயந்திரங்களின் பேரிரைச்சலைப் போர்முரசெனக் கேட்டு வளர்ந்தவளும், நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஷூக்களின் மேல்தோலைத் தைத்தும் முதுகு வளையாதவளும், எறிபந்தைக் கையிலேந்தினால் எதிரணியின் ஈரற்குலையை நடுங்கச் செய்பவளுமாகிய வீராங்கனை ஹெலனின் வெற்றியைச் சொல்லப் புகுந்தோம்.

ஷூ கம்பெனியின் உணவு இடைவேளையில், கொட்டகைக்குப் பின்னால், இருபது நிமிடத்துக்குள் உண்டும் ஆடியும் பழகிய பதினான்கு பெண்கள், ஒரே ஒரு ஞாயிறேனும் பாலாற்றங்கரை அரசு மைதானத்தில் ஈரணியாய் நின்று முழு ஆட்டம் ஆடுவதெனச் சூளுரைத்தனர். ஆண்மக்கள் எந்தத் தாளுமின்றி வாரந்தோறும் கிரிக்கெட் ஆடும் அம்மைதானத்தில் இவர்கள் வலைக்கம்பு நட்ட மாத்திரத்தில் காவலாளி தோன்றி, "பர்மிஷன் லெட்டர் இருக்காம்மா?" என்று கணை தொடுத்தார்.

கணையை மார்பிலேற்ற ஹெலன், தோழியும் தேர்ப்பாகியுமான வஹீதாவின் ஸ்கூட்டியில் ஏறி, அரைநாள் விடுப்பென்னும் அரும்பொருளைப் பலியிட்டு, முதல் அலுவலகம் புகுந்தாள். அது இரண்டாம் அலுவலகத்தைக் கைகாட்டிற்று. இரண்டாவது, காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்றைக் கேட்டது. காவல் நிலையமோ, அலுவலகக் கடிதமின்றிப் பேனா திறவோம் என முழங்கிற்று. நான்கு முறை அந்தச் சக்கர வியூகத்துள் புகுந்து வெறுங்கையோடு மீண்டவள், ஐந்தாம் முறை நிலைய வாசலில் ஒரு முழுப்பகல் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன ரைட்டர், சான்றெழுதிக் கொடுத்துச் சரணடைந்தார்.

இறுதிப் போர், இரண்டாம் அலுவலகத்தில், கோப்புகளை மதிலாகவும் மின்விசிறியைக் கொற்றக்குடையாகவும் கொண்டு வீற்றிருந்த எழுத்தர் அருணகிரியோடு நிகழ்ந்தது. அவர் நீட்டிய படிவத்தில் கட்டங்கள் மூன்றே: மத விழா, அரசியல் கூட்டம், திருமண வரவேற்பு.

"விளையாட்டுன்னு இதுல இல்லியேம்மா. ஏதாச்சும் ஒண்ணுல டிக் போட்டுடு."

வஹீதா காதோடு சொன்னாள்: "கல்யாணம்னு போட்டுடுடி. எதுக்குப் பேஜாரு?"

ஹெலனின் பேனாமுனை மூன்றாம் கட்டத்தின் மேல் ஒரு நொடி தாழ்ந்தது. பின் நிமிர்ந்தது.

"லீவு கேட்டா காய்ச்சல்னு சொல்றேன், வீட்ல கேட்டா சர்ச்சுன்னு சொல்றேன். இதுலயாவது விளையாடத்தான் வர்றோம்னு எழுதணும் சார். இதுல இன்னா தப்பு?"

அருணகிரி அவளை நோக்கினார், படிவத்தை நோக்கினார், உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் மேசை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை உருவினார். மூன்று கட்டங்களுக்குக் கீழே, அரசு இதுவரை எண்ணிப் பாராத நான்காவது கட்டத்தைத் தம் கையாலேயே வரைந்து, 'விளையாட்டு' என்று பொறித்தார். "யாராச்சும் கேட்டா எம்பேரைச் சொல்லாதம்மா" என்று அபயம் வேண்டியபடியே, இடியோசை எழ முத்திரை குத்தினார்.

வரும் ஞாயிறு காலை ஆறு முதல் பத்து வரை! வஹீதா அந்த இடத்திலேயே கூவினாள், அனுமதித்தாளின் புகைப்படம் பதினான்கு அலைபேசிகளில் வெற்றிக்கொடியெனப் பறந்தது, புதுப் பந்து வாங்கப்பட்டது, அணிகள் பிரிக்கப்பட்டன, எந்த அணியில் ஹெலன் என்று சண்டையும் மூண்டது.

சனிக்கிழமை சாயங்காலம், கம்பெனியில் ஆர்டர் அவசரம் என்று நாளைக்கும் எல்லோருக்கும் டூட்டி போட்டுவிட்டார்கள்.