டிரைவர்கிட்டச் சொல்லுங்க

ஆலத்தியூரில் இறங்க வேண்டிய பதினோரு பேரைச் செந்துறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது பஸ். அத்தனை பேரும் சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். மறுநாள் அந்தப் பதினோரு பேரும் லப்பைக்குடிக்காட்டில் இருந்த பஸ் ஆபீசுக்கு வந்து, மேனேஜர் இராமலிங்கத்தின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"விசில் அடிச்சேன் சார். அந்த ஆளு காதுல விழலேன்னா நான் என்ன பண்றது?" என்றார் கண்டக்டர் சவரிமுத்து.

"விசில் எதுக்கு அடிக்கிறாருன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க" என்றார் டிரைவர் அடைக்கலசாமி.

இரண்டு பேரும் ஒரே மேசைக்கு முன்னால், ஒரு முழ இடைவெளியில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார்கள். இராமலிங்கம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். பஸ்ஸில் முன்சீட்டுப் பயணிதான் தூது போக வேண்டும். "அண்ணே, டிரைவர்கிட்டச் சொல்லுங்க, ஒரு எறக்கம் இருக்கு." "தம்பி, கண்டக்டர்கிட்டச் சொல்லு, எனக்கும் கண்ணு இருக்கு." நேற்று முன்சீட்டுக்காரர் தூங்கிவிட்டார், வந்தது வினை.

"என்னதான்யா ஒங்களுக்குள்ள சண்டை?"

"அத விடுங்க சார்" என்றார்கள் இருவரும். அவர்கள் ஒற்றுமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

முதலாளி ஷஃபியுல்லா துபாயிலிருந்து போனில் வந்தார். "ராமலிங்கம், ரெண்டு பேரும் எங்க வாப்பா காலத்து ஆளுங்க. யாரையும் நிறுத்த மாட்டேன். அதட்டாம, மெரட்டாம, நல்லுறவுல தீத்து வைங்க. இன்ஷா அல்லா, அடுத்த மாசம் ஊருக்கு வரேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா ஒங்களத்தான் மாத்தணும்."

 இராமலிங்கம் முன்பு வேலை பார்த்த லாரி ஆபீசை மூடிவிட்டதால் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாற்பத்தொன்பது வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

நல்லுறவைத் தேநீரிலிருந்து ஆரம்பித்தார். இருவரையும் கடை பெஞ்சில் உட்கார வைத்து, நடுவில் தானும் உட்கார்ந்துகொண்டார். அடைக்கலசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "இங்கயாவது டீ சூடாக் குடுக்குறாங்க" என்றார், பொதுவாக. சவரிமுத்து எழுந்து தன் டீயைத் தரையில் ஊற்றிவிட்டுப் போனார். அன்றோடு விசிலும் நின்றது. பஸ்ஸின் தகரத்தை ஓங்கிக் குத்த ஆரம்பித்தார்.

அடுத்தது விருந்து. இராமலிங்கத்தின் மனைவி சுமதி கறிக்குழம்பு வைத்திருந்தாள். தெரியாத்தனமாக டிரைவருக்கு முதலில் இலை போட்டுவிட்டாள்.

"போடுங்கம்மா, போடுங்க. அவருக்குத்தானே எப்பவும் மொத மரியாதை" என்றார் கண்டக்டர்.

"சில பேரு வூட்டுச் சாப்பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார் டிரைவர், குழம்பைப் பார்த்தபடி.

இரண்டு இலையும் பாதியில் மடிந்தன. "எவ்வளவோ தேவலையா? என் கொழம்பு தேவலைங்கற ரகமா?" என்று சுமதி புருஷனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தீர்த்து வைக்கப் போனதில் ஒரு சண்டை இரண்டாகிவிட்டது.

இராமலிங்கம் அசரவில்லை. இரண்டு வேட்டி வாங்கினார். "கண்டக்டர் ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு" என்று ஒன்றை டிரைவரிடமும், "டிரைவர் ஆசையாக் குடுத்தாரு" என்று மற்றதைக் கண்டக்டரிடமும் நீட்டினார்.

அடைக்கலசாமி வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா சார், அந்தப் பக்கத்து ஆளு அப்படியே தெரியுது. இதான் அந்த ஆளோட தாராளம்."

சவரிமுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஒரு தடவ நனைச்சா கொசுவலைதான். புத்தி மாறல பாருங்க."

மறுநாள் இரண்டு வேட்டியும் ஆபீசுக்குத் திரும்பி வந்தன. பஸ்தான் வரவில்லை. அது ஏலாக்குறிச்சி மாதா கோயில் பக்கத்தில் நின்றது. 'அந்த ஆளு ஏறினா நான் ஓட்ட மாட்டேன்' என்று ஒருவர். 'அந்த ஆளு ஓட்டினா நான் ஏற மாட்டேன்' என்று ஒருவர். கோயிலுக்கு வந்த கூட்டம் வெயிலில் காய்ந்தது.

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்" என்று சுமதி மௌனத்தைக் கலைத்தாள். வேட்டிக் கதையை யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலாளி வர இரண்டே நாள். நொந்துபோன இராமலிங்கம் ஆட்களின் பழைய பதிவேட்டைப் புரட்டினார். இருவரும் ஏலாக்குறிச்சிக்காரர்கள். அடைக்கலசாமிக்கு ஒரே மகன், ஐ.டி.ஐ. படிப்பு. சவரிமுத்துவுக்கு ஒரே மகள், பத்தாம் வகுப்பு. எழுதி ஏழு வருஷமாகியிருந்தது. இராமலிங்கம் விரல் விட்டு எண்ணினார். பிறகு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாய், நீங்க சொன்ன நல்லுறவு கெடச்சிருச்சு!" என்று துபாய்க்குப் போன் போட்டார். "சம்பந்தி ஆக்கிவுட்டுட்டா எப்புடி மொறச்சிக்குவாங்க? நீங்க வந்து எறங்கும்போது ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டு நிப்பாங்க. இல்லேன்னா நானே சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"மாஷா அல்லா!" என்றார் முதலாளி.

வெற்றிலை பாக்கு, ஆப்பிள், மல்லிகைப்பூ எல்லாம் ஒரு தட்டில் அடுக்கி, வேறு பஸ் பிடித்து ஏலாக்குறிச்சியில் இறங்கினார் இராமலிங்கம். நெஞ்சு நிறைந்திருந்தது. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்த பொன்னுத்தாயிடம் சவரிமுத்து வீட்டுக்கு வழி கேட்டார்.

"தட்டோட வந்திருக்கீங்க, என்ன விசேசம் சார்?"

"நல்ல விஷயந்தாம்மா. டிரைவர் அடைக்கலசாமி பையனுக்கு இவரு பொண்ணக் கேக்கலாம்னு வந்தேன். ஒறவாயிட்டா ரெண்டு பேரு சண்டையும் தானாத் தீந்துரும்ல?"

பொன்னுத்தாய் தட்டைப் பார்த்தாள். இராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைங்க ரெண்டுக்கும் போன வைகாசியிலயே கல்யாணம் ஆயிருச்சே சார், அன்னைக்குக் காலையில வரைக்கும் டிரைவரும் கண்டக்டரும் ஒரே எலையில சாப்புட்ட கூட்டாளிங்க."