அப்பாவின் முதுகில் ஒரு பாடம்

தங்கள் உடம்பில் எந்தத் தசைக்கு என்ன பெயர் என்று தெரியாமலேயே மனிதர்கள் பிறந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். தில்லியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிவேன். எறிந்த குண்டு என் பக்கத்திலேயே விழும். (காலில் விழாதவரை அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.) பலம் வர வேண்டுமென்றால் பளு தூக்கணும் என்றார் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை, ஹரியானாக்காரர். ஆனால் கம்பியைத் தொட விடவில்லை. எந்தத் தசை வேலை செய்கிறது என்று தெரியாமல் தூக்குகிறவள் இடுப்பை உடைத்துக்கொள்வாள் என்று இந்தியில் அதட்டினார். திங்கட்கிழமை முதுகுத் தசைகளில் வாய்மொழித் தேர்வு. தேறினால் கம்பி, தவறினால் மறுபடியும் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.

அம்மாவுக்கு இந்த விவகாரமே பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள இரும்பைத் தூக்கறதா? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க" என்பாள். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். அதோடு அந்தக் கோப்பு மூடப்படும்.

நூலகப் புத்தகத்தில் முதுகு தட்டையாக இருந்தது. எனக்கு உயிருள்ள முதுகு தேவைப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பங்குனி உத்திரத்துக்குப் பூ கட்ட அம்மா காலனி முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா மட்டும் கட்டிலில்.

"அப்பா, முதுகு பிடிச்சு விடட்டுமா?"

நான் அப்படிக் கேட்டதே அபூர்வம். அவர் சந்தேகத்தோடுதான் குப்புறப் படுத்தார். வியர்வையில் பேனா எழுதவில்லை. மருந்து டப்பாவில் ஜென்ஷன் வயலெட் இருந்தது, எங்கள் வீட்டில் எல்லாச் சிராய்ப்புக்கும் தடவும் ஊதா மருந்து. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி அதில் தோய்த்தேன்.

"என்னம்மா ஜில்லுனு இருக்கு?"

"கோடு போடறேன்பா. சோப்புப் போட்டா போயிடும்."

"எழுதற மாதிரியும் இருக்கே?"

"பேருப்பா."

"அச்சா, எழுது" என்றவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் அம்புக்குறி போட்டு, ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் பெயர்களை எழுதி, மனப்பாடம் செய்து, புத்தகத்தை மூடினேன்.

சோப்புப் போட்டால் போகும் என்பது வெறும் என் ஊகம். அப்பா விடியற்காலையில் குளித்து, சட்டை போட்டு, கோயிலுக்குப் போய், சட்டையைக் கழற்றிப் பல்லக்கின் பின்பக்கத் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நானும் அம்மாவும் பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். ஊர்வலம் புறப்பட்டிருந்தது. தூரத்தில், வெயிலில், ஊதா நிறத்தில் பளபளத்தது என் பாடம்.

பல்லக்குக்குப் பின்னால் காலனிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். தமிழ் எழுத்தென்றால் தடுமாறும் தில்லிப் பிள்ளைகள், ஆங்கிலமாக இருக்கவே, தசைப் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார்கள். "லா... டி... ஸி... மஸ்!"

ஒரு மாமி கைகூப்பியபடி கேட்டாள். "என்ன ஸ்லோகம்டா அது?"

"தெரியல மாமி. இங்கிலீஷ் ஸ்லோகம்."

நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பதுங்கினேன். அம்மா துண்டோடு ஓடினாள். "என்னங்க, முதுகை மூடுங்க!"

தோளில் தண்டு இருந்ததால் அப்பாவால் திரும்ப முடியவில்லை. "ஏன், என்ன ஆச்சு?"

"உங்க பொண்ணு பாடம் எழுதி வச்சிருக்கா. ஊரே படிக்குது!"

அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்த ராணுவ டாக்டர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அப்பாவின் முதுகருகே குனிந்தார். "யார் சார் வரைஞ்சது? நல்லாவே இருக்கு. ஆனா ரோம்பாய்டு தசையோட இடம் தப்பு. ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல இருக்கணும். இதுல இடுப்புக்கு இறங்கிடுச்சு."

பல்லக்கு நின்றுவிட்டது. சிரித்தவர்களும் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவருடைய மேலதிகாரிகளும் உண்டு. பூமி பிளந்தால் உள்ளே போய்விட நான் தயாராக இருந்தேன்.

அப்பா தண்டைச் சற்று நகர்த்திக்கொண்டார். "என் பொண்ணு வரைஞ்சது டாக்டர். வெயிட் தூக்கப் போறா. நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. அந்தத் தப்பை இன்னொரு தடவை சொல்லுங்க, அவகிட்ட சொல்லணும்."

அம்மாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டி மறுபடி சொன்னார். அப்பா, முருகனைத் தோளில் வைத்துக்கொண்டு, மாணவன் மாதிரித் தலையாட்டினார். பல்லக்கு நகர்ந்தது. முதுகை யாரும் மூடவில்லை.

அவருடைய "பாப்போம்" எல்லாமே மறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் நடந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, "நடுவுலயாம்மா, இடுப்புல இல்லையாம்" என்றார்.

திங்கட்கிழமை ஆசிரியை முதலில் கேட்டதே ரோம்பாய்டு. நான் கையை முதுகுக்கு வளைத்துச் சரியான இடத்தில் அடித்துக் காட்டினேன். கம்பி கிடைத்தது. (வெறும் கம்பிதான். அதுவே முழங்காலைத் தாண்டவில்லை.) பதக்கம் எதுவும் நான் வாங்கவில்லை.

ஆனால் பெயர் வாங்கினேன். தில்லித் தமிழர்களிடையே நான் 'முதுகுப் பொண்ணு' ஆனேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அப்படி வந்து கட்டிக்கொண்டவர் இன்றைக்கும் கோயில் வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று கேட்பார்.

"ஒரு தடவை பாத்துடு. எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?"