குமுளியில் இரண்டு நாள் ஓய்வு

இந்த வருஷம் எப்படியும் இரண்டு நாள் தூங்கிவிடுவது என்று தனிஸ்லாஸ் தீர்மானித்தார். சாதாரணத் தூக்கம் இல்லை. யாரும் எழுப்பாத, யாருக்கும் பை தூக்காத தூக்கம்.

பை என்று கேட்டாலே அவருக்குத் தோள் வலிக்கும். மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம், மனைவி பாக்கியமேரிக்குப் பின்னால் பையோடு நிற்பதுதான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அவர் அசையாமல் நின்றதைப் பார்த்து, பொம்மை என்று நினைத்த ஒரு பெண்மணி அவர் சட்டையைத் தடவி விலை கேட்டிருக்கிறாள்.

பேத்தி கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா வந்தது. விருந்துக்கு ஏலக்காய், மிளகு, கிராம்பு, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் குமுளிக்கே போய் வாங்க வேண்டும் என்றாள் பாக்கியமேரி.

“மதுரையில இல்லாத ஏலக்காயா?”

“இருக்கு. மணம்தான் இல்ல.”

மறுநாள் காலை பேப்பரில் அந்தச் செய்தி இருந்தது. வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேரளத்தில் முழுக் கடையடைப்பு. தனிஸ்லாஸ் இரண்டு முறை படித்தார். பேப்பரை மடித்தார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“மேரி, இந்தச் சனிக்கிழமையே குமுளிக்குப் போயிருவமா? எல்லையைத் தாண்டுனா ஏலத்தோட்டத்துக்குள்ள ஒரு வீடு இருக்காம். ரூம் வாடகைக்கு விடுறாங்களாம். ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம்.”

பாக்கியமேரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்ன பாக்குற?”

“காய்ச்சல் இல்ல. சரி, அந்த வீட்டு நம்பரைக் குடுங்க. வெந்நீர் உண்டான்னு கேட்டுக்கிறேன்.”

அரைமணி நேரம் பேசினாள்.

“வெந்நீருக்கு இம்புட்டு நேரமா?”

“வெந்நீர் சூடாக வேணாமா?”

சனிக்கிழமை பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. ஆட்டோ இல்லை, ஜீப் இல்லை. தனிஸ்லாஸுக்கு உள்ளுக்குள் கோயில் மணி அடித்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போவதுபோல வைத்துக்கொண்டார்.

“அடடா! இப்படி ஆகிப்போச்சே, மேரி!”

“போகட்டும் விடுங்க. நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

அந்தப் பொறுமையைக் கண்டு அவர் பயந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் பயப்பட மறந்துவிட்டார்.

இறக்கத்தில் நடந்து தோட்டத்து வீட்டை அடைந்தார்கள். வீட்டுக்காரி ஏலியாம்மா பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல். கட்டிலில் கம்பளி. தனிஸ்லாஸ் படுத்தார். கண் சொக்கியது.

“சேச்சி, இது கிலோ எம்புட்டு?”

கனவிலும் கடைவீதியா என்று புரண்டு படுத்தார்.

“பச்சையா இருக்கிறதை எடுங்க, சேச்சி. வெளுத்தது வேணாம்.”

எழுந்து ஜன்னலைத் திறந்தார். வராந்தா முழுக்கச் சாக்கு. கடை அடைத்ததால் சரக்கை எங்கும் விற்க முடியாத தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கொல்லையில் ஒருத்தி அடுப்பு மூட்டி நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நாற்காலி போட்டு, நீதிபதி மாதிரி பாக்கியமேரி.

“முழிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு. இந்தச் சாக்கை ஒரு கை பிடிங்க.”

அன்று இருட்டும்வரை பிடித்தார். ராத்திரி அந்தச் சாக்கிலேயே சாய்ந்து கண்ணயர்ந்தார். மறுநாள் விடிந்ததும் பிடித்தார். பத்து மணிக்கு மூட்டை கட்டி முடிந்தபோது கம்பளி மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது.

“ஆட்டோ?” என்றார்.

“கடையடைப்புல்ல.”

“ஜீப்பு?”

“அதுவுந்தான்.”

“தூக்குற ஆளு?”

“அவங்களுக்கும் லீவு வேணாமா?”

வந்தபோது இறக்கமாக இருந்த பாதை இப்போது ஏற்றமாக நின்றது. தலையில் மிளகு, இரண்டு கையிலும் பை, கழுத்தில் சிப்ஸ். குடையைப் பிடித்துக்கொண்டு பாக்கியமேரி முன்னால் நடந்தாள். தனிஸ்லாஸ் மூச்சு வாங்க நின்றார்.

“மேரி, நாம நாளு சரியாப் பாக்கல.”

“யாரு சொன்னா? கடை தொறந்திருந்தா இந்த விலைக்குக் குடுப்பாங்களா? நீங்க பேப்பர் மேல உக்காந்திருந்த அன்னைக்கே, பக்கத்து வீட்டு ரோகிணிகிட்ட வாங்கிப் படிச்சிட்டேன். ஏலியாம்மாகிட்ட அரைமணி நேரம் போன்ல பேசுனதும் சரக்கை வீட்டுக்கே கொண்டாரச் சொல்லத்தான்.”

“தெரிஞ்சேதான் வந்தியா?”

“வண்டி கிடைக்காதேன்னு ஒரே ஒரு கவலை இருந்துச்சு. நல்லவேளை, நீங்களே வாரேன்னுட்டீங்க.”